நாவின் சுவையும் மூளையின் மறுமொழியும்: உடல் பருமன் ஆய்வுகளில் தீராத ஒரு கேள்வி

உடல் பருத்தவர்கள் சுவையை மற்றவர்களைவிடக் கூடுதலாக உணர்வதால் அதிகம் உண்கிறார்களா, அல்லது குறைவாக உணர்வதால், அந்தக் குறையை ஈடுகட்ட அதிகம் உண்கிறார்களா என்ற கேள்விக்குக் கடந்த அரை நூற்றாண்டில் இரண்டு விடைகளும் மாறி மாறித் தரப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் ஆய்வகச் சான்றுகள் உள்ளன. இரண்டையும் மறுக்கும் சான்றுகளும் உள்ளன. அறிவியல் இவ்வாறு தயங்கி நிற்கும் இடத்தில் பொதுப்பேச்சு தயங்குவதில்லை. பருமனுடையவர் நாக்குக்கு அடிமை என்றும், வாயைக் கட்டத் தெரியாதவர் என்றும் அது எளிதாகத் தீர்ப்பளித்துவிடுகிறது. அந்தத் தீர்ப்புக்கு மூளை ஆய்வுகளில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை ஆராய வேண்டியுள்ளது.

கேள்வி புதியதன்று. சரக சங்கிதையின் சூத்திரத்தானம் 21ஆம் அத்தியாயம், மிகப் பருத்த உடலினரைப் பழிக்கப்படும் எட்டு வகையினருள் ஒருவராக வைக்கிறது. ஆனால் காரணம் கூறுமிடத்தில், இனிப்பும் நெய்ப்பும் மிகுந்த உணவு, உழைப்பின்மை, பகலுறக்கம் ஆகியவற்றோடு பிறவி வித்தின் இயல்பையும் அது சேர்த்துச் சொல்கிறது. கொழுப்பு உடலின் வழிகளை அடைத்துவிடுவதால் வாயு வயிற்றிலேயே சுழன்று செரிமானத் தீயை மூட்டுகிறது என்றும், அதனால் உணவு விரைவில் செரித்து மீண்டும் வேட்கை எழுகிறது என்றும் அந்நூல் விளக்குகிறது. விளக்கத்தின் உடலியல் இன்றைக்குப் பொருந்தாது. ஆயினும், மிகுதியாக உண்பது பருமனை விளைவிப்பது போலவே பருமனும் பசியை விளைவிக்கலாம் என்ற ஊகம் அதில் அடங்கியுள்ளது. எது காரணம், எது விளைவு என்ற அந்தச் சிக்கலே இன்றைய ஆய்வுகளின் நடுவிலும் நிற்கிறது.

சுவை மூளையை அடையும் வழி

நாவின் சுவை மொட்டுகள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றையும், ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா 1908இல் அடையாளம் காட்டிய உமாமியையும் பிரித்தறிகின்றன. தமிழ் மரபு அறுசுவையில் சேர்க்கும் கார்ப்பு, உடலியலாளர் கணக்கில் வலியையும் வெப்பத்தையும் உணரும் வேறொரு நரம்பின் வழியே செல்வது. சுவைச் செய்திகளை மூன்று மூளை நரம்புகள் மூளைத்தண்டிலுள்ள ஒரு நரம்புக் கருவுக்குக் கொண்டு செல்கின்றன. வயிற்றிலிருந்தும் குடலிலிருந்தும் வேகஸ் நரம்பு கொண்டுவரும் செய்திகளும் அதே கருவில் வந்து சேர்கின்றன என்பது இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாத செய்தி. அங்கிருந்து தலாமஸ் வழியாக, மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதியைச் சுவை அடைகிறது. இது என்ன சுவை, எவ்வளவு அழுத்தமானது என்பது பெரும்பாலும் இங்கே பதிவாகிறது.

அந்தச் சுவை இப்போது வேண்டுமா, வேண்டாமா என்ற மதிப்பீடு கண்குழிகளுக்கு மேலுள்ள முன்மூளைப் புறணியில் நடைபெறுகிறது. எட்மண்ட் ரோல்ஸ் குழுவினர் குரங்குகளில் செய்த சோதனைகளில், ஓர் உணவை நிறைய உண்டபின் அந்த உணவுக்கு மறுமொழி தருவதை நிறுத்திய நரம்பணுக்கள் இப்பகுதியில் காணப்பட்டன. வேறோர் உணவைத் தந்தபோது அவை மீண்டும் இயங்கின. தேத்தோ, சுக்தோ என்று கசப்பில் தொடங்கி இனிப்பில் முடியும் வங்காளிகளின் விருந்தில், வயிறு நிறைந்த பின்னும் சந்தேசு என்ற இனிப்புக்கு இடமிருப்பதற்கு இதுவே நரம்பியல் விளக்கமாகலாம்.

இவற்றுக்குக் கீழே, மூளையின் ஆழத்தில், ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி உள்ளது. டோபமைன் என்னும் நரம்புச் செய்திப்பொருள் இங்கே செயல்பட்டு, எதை நாட வேண்டும், எந்தக் குறிப்பைக் கண்டால் கை நீள வேண்டும் என்பதைக் கற்பிக்கிறது. பருமன் குறித்த வாதங்களில் பெரும்பகுதி இந்தச் சிறிய பகுதியைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது.

பசி மையங்களின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கவனம் சுவையின் மீது இருக்கவில்லை. பால் கிருஷ்ண ஆனந்த் என்ற இந்திய உடலியலாளர், யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் சேர்ந்து 1951இல் வெளியிட்ட ஆய்வில், ஹைப்போதாலமஸ் என்ற மூளைப்பகுதியின் பக்கவாட்டை அழித்தால் எலிகள் உண்பதையே நிறுத்திவிடுகின்றன என்று காட்டினார். அதன் நடுப்பகுதியை அழித்தால் எலிகள் பருத்துவிடும் என்பது முன்பே தெரிந்திருந்ததால், பசிக்கு ஒரு மையம், நிறைவுக்கு ஒரு மையம் என்ற கோட்பாடு உருவாயிற்று. ஆனந்த் பின்னர் டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் உடலியல் துறையை வளர்த்து, குளுக்கோஸ் அளவு மாறும்போது இம்மையங்களின் மின்செயல்பாடு எவ்வாறு மாறுகிறது என்பதைத் தம் குழுவினருடன் பதிவு செய்தார். மற்றோர் இந்திய உடலியலாளரான ஏ. எஸ். பெயிண்டல் 1954இல், வயிறு விரியும்போது செய்தி அனுப்பும் நரம்பு உணர்விகளை விவரித்து, போதும் என்ற உணர்வு வயிற்றிலிருந்தே தொடங்குகிறது என்ற கருத்துக்கு வழிகாட்டினார். பருமனின் மூளையியல் பற்றி எழுதுவோர் இவ்விருவரையும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது முறையன்று. நாவுக்கும் வயிற்றுக்கும் மூளைக்கும் இடையிலான உரையாடலை அளக்க முடியும் என்று காட்டிய பணியில் இந்திய ஆய்வகங்களின் பங்கு பெரிது.

சுவையைக் கேள்வியின் நடுவுக்குக் கொண்டுவந்தவர் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர் ஸ்டான்லி ஷாக்டர். பருமனுடையவர்கள் தம் உடலுக்குள் எழும் பசிக் குறிப்புகளைவிட, உணவின் சுவை, தோற்றம், கடிகார நேரம் போன்ற புறக் குறிப்புகளுக்கே கட்டுப்படுகிறார்கள் என்று அவர் 1968இல் வாதிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் பிரெஞ்சு உடலியலாளர் மிஷெல் கபானாக், பசித்திருக்கும்போது இனிக்கும் சர்க்கரை நீர் குளுக்கோஸ் அருந்தியபின் திகட்டிவிடுகிறது என்பதையும், அந்தத் திகட்டல் பருமனுடையவர்களிடம் தோன்றவில்லை என்பதையும் காட்டினார். ஷாக்டரின் கோட்பாடு பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் அவருடைய மாணவியான ஜூடித் ரோடின் 1981இல் செய்த மறுமதிப்பீட்டில், புறக் குறிப்புகளுக்கு மயங்குவோர் எல்லா எடைப் பிரிவுகளிலும் இருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று. கபானாக்கின் கண்டுபிடிப்பு அவ்வளவு புகழ் பெறவில்லை. எனினும் வேறுபாட்டைச் சுவையிலேயே தேடாமல், சுவைக்குப் பின் உடல் அனுப்பும் செய்தியில் தேடியது அவருடைய அணுகுமுறைதான். அது ஷாக்டரின் அணுகுமுறையைவிட நீண்ட ஆயுள் கொண்டது எனலாம்.

குறைவா, மிகையா?

மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் வந்தபின் கேள்வி கூர்மையடைந்தது. புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ஜீன்-ஜாக் வாங், நோரா வோல்கோவ் குழுவினர் 2001இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட பெட் ஸ்கேன் ஆய்வில், மிகுபருமனுடைய பத்துப் பேரின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் டி2 ஏற்பிகளின் அளவு குறைந்திருந்தது. எடை கூடியவர்களிடம் குறைவும் கூடியிருந்தது. போதைப் பழக்கமுள்ளவர்களிடமும் இத்தகைய குறைவு காணப்பட்டிருந்ததால், பருமனுடையவர்களின் மூளை உணவிலிருந்து குறைந்த இன்பமே பெறுகிறது, அந்தப் பற்றாக்குறையை நிரப்பவே அவர்கள் மேலும் உண்கிறார்கள் என்ற விளக்கம் பிறந்தது.

எரிக் ஸ்டைஸ் குழுவினர் 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச்சேர்ப்பதாகத் தோன்றியது. சாக்லேட் மில்க்ஷேக்கைச் சுவைக்கும்போது பருமனுடையவர்களின் ஸ்ட்ரையேட்டம் மங்கலாகவே மறுமொழி தந்தது. குறிப்பிட்ட மரபணு வகை உடையவர்களிடம் அந்த மங்கல், பின்னால் எடை கூடும் என்பதையும் முன்னறிவித்தது. ஆனால் அதே குழுவினர் 2011இல், பெற்றோர் இருவரும் பருமனுடையவர்களாக இருந்தும் தாம் இன்னும் பருக்காத பதின்பருவத்தினரைச் சோதித்தபோது, அவர்களின் மறுமொழி மங்கலாக இல்லை, மிகையாகவே இருந்தது. இடையில் 2010இல் வந்த மற்றோர் ஆய்வு, ஆறு மாதத்தில் எடை கூடிய பெண்களிடம் முன்பிருந்த மறுமொழி தணிந்துவிட்டதைக் காட்டியது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரலாறு கிடைக்கிறது: சிலருக்குத் தொடக்கத்தில் மிகையான மறுமொழி இருக்கலாம், அது அவர்களை உண்ணத் தூண்டலாம், தொடர்ந்து உண்பதும் எடை கூடுவதும் அதே மறுமொழியைத் தணித்துவிடலாம். பால் ஜான்சனும் பால் கென்னியும் 2010இல் எலிகளுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைத் தாராளமாகத் தந்தபோது டி2 ஏற்பிகள் குறைந்தன. தண்டனை வரும் என்ற குறிப்பைக் கண்டபின்னும் அந்த எலிகள் உண்பதை நிறுத்தவில்லை. மங்கல் என்பது காரணமாக இல்லாமல் விளைவாகவும் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

இந்த வரலாறு மனநிறைவு தருவது. அதனாலேயே அதை எச்சரிக்கையோடு நோக்க வேண்டும். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஏஞ்சலோ டெல்பாரிஜி குழுவினர், 36 மணி நேரம் உண்ணாதிருந்தவர்களுக்குத் திரவ உணவைச் சுவைக்கத் தந்தபோது, பருமனுடையவர்களின் இன்சுலா மற்றவர்களைவிட மிகையாகவே இயங்கியது. எடை குறைத்தவர்களிடமும் அம்மிகை ஓரளவு நீடித்தது. எடை குறைப்பதற்கான குடல் அறுவைக்குப் பின் டி2 ஏற்பிகள் கூடுகின்றன என்று 2010இல் ஓர் ஆய்வும், குறைகின்றன என்று அதே ஆண்டில் வேறோர் ஆய்வும் கூறின; இரண்டிலும் பங்கேற்றவர்கள் ஐந்தைந்து பேர். உணவுப் படங்களைக் காட்டிச் செய்த ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு மதிப்பீடு, பருமனுடையவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே நிலையான வேறுபாடு எதையும் காணவில்லை. கெவின் ஹால் குழுவினர் 2025இல் வெளியிட்ட ஆய்வில், பல்வேறு எடையுள்ள ஐம்பது பேர் மில்க்ஷேக் அருந்தியபின் வெளிப்பட்ட டோபமைன் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபட்டது. உடற்கொழுப்போடு அதற்குக் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை. குறைந்த எண்ணிக்கையில் பங்கேற்பாளர்களை வைத்துப் பெரிய முடிவுகளைக் கட்டிய இருபதாண்டுகளுக்கு இது தேவையான திருத்தம்.

முரண்பாட்டின் ஒரு பகுதி, வெவ்வேறு கணங்களை ஒன்றாகக் கருதியதால் விளைந்தது. கென்ட் பெரிட்ஜ் நெடுங்காலமாக வலியுறுத்திவருவது போல, ஒன்றை நாடுவதும் ஒன்றை ரசிப்பதும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள். டோபமைன் பெரிதும் நாட்டத்தோடு தொடர்புடையது. உணவின் படத்தைக் காணும் கணம், வாயில் சுவை படும் கணம், உணவு குடலை அடைந்த பின்னான நேரம் ஆகிய மூன்றையும் ‘உணவுக்கு மூளையின் மறுமொழி’ என்ற ஒரே பெயரால் குறித்தால் குழப்பமே மிஞ்சும். கருவியும் ஓர் எல்லையை வகுக்கிறது. எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் தலை அசையாமல் படுத்திருக்க வேண்டியிருப்பதால், மென்று உண்ணும் எதையும் எளிதில் சோதிக்க முடிவதில்லை. குழாய் வழியே சொட்டுச் சொட்டாக வரும் மில்க்ஷேக் இத்துறையின் நிலையான உணவாக மாறியதற்கு இந்த வசதியே முதன்மைக் காரணம்.

நாவிலேயே மாற்றம் உண்டா?

மூளைக்குச் செல்லும் செய்தியே குறைந்துவிட்டால் மூளையைக் குறை சொல்ல முடியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபின் டாண்டோ குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிகுந்த உணவை எட்டு வாரம் உண்டு பருத்த எலிகளின் சுவை மொட்டுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தன. பருமனோடு வரும் அழற்சியே அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. மனிதர்களிடம் முடிவுகள் இவ்வளவு தெளிவாக இல்லை. பருமனுடையவர்கள் இனிப்பைக் குறைவாக உணர்கிறார்கள் என்று லிண்டா பார்ட்டோஷுக் குழுவினர் 2006இல் கூறினர். கூடுதலாக உணர்கிறார்கள் என்று 2017இல் ஒரு ஜெர்மானிய ஆய்வு கூறியது.

விழுங்கிய பின்

அண்மைக் காலத்தில் ஓரளவு உறுதியான சான்று கிடைத்திருப்பது வாயைத் தாண்டிய பகுதியிலிருந்துதான். மிரேய் செர்லி தலைமையிலான ஆம்ஸ்டர்டாம் குழுவினர் 2023இல், குளுக்கோஸையும் கொழுப்பையும் வாயில் படாமல் நேரடியாக வயிற்றுக்குள் செலுத்தி மூளையைப் படம்பிடித்தனர். ஒல்லியானவர்களின் ஸ்ட்ரையேட்டம் இச்சத்துகளுக்குத் தெளிவாக மறுமொழி தந்தது. பருமனுடையவர்களிடம் அது பெரிதும் மங்கியிருந்தது. பன்னிரண்டு வாரத்தில் உடல் எடையில் பத்து விழுக்காட்டைக் குறைத்த பின்னும் அம்மறுமொழி திரும்பவில்லை. சுவை அறவே இல்லாத நிலையிலும் வேறுபாடு வெளிப்பட்டது என்பதால், உணவு வந்துசேர்ந்தது என்று குடல் அனுப்பும் செய்தி மூளையில் உரிய இடத்தைப் பெறாமல் போவதே சிக்கலின் மையம் என்று கருத இடமுண்டு. எடை குறைத்தவர்கள் மீண்டும் பருப்பதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கலாம்.

சுவையும் சத்தும் தனித்தனியே இயங்குபவை அல்ல. டேனா ஸ்மால் குழுவினர் 2018இல், ஒரே அளவு ஆற்றல் தரும் உணவுகளுள், கொழுப்பும் மாவுச்சத்தும் சேர்ந்தவற்றை மக்கள் கூடுதலாக மதிக்கிறார்கள் என்றும், ஸ்ட்ரையேட்டத்தின் மறுமொழி இரண்டின் கூட்டலையும் விஞ்சுகிறது என்றும் காட்டினர். கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த ஒரு சிற்றுண்டியை நாள்தோறும் எட்டு வாரம் உண்டவர்களின் மூளை, எடையில் மாற்றமில்லாமலேயே, மில்க்ஷேக்குக்குக் கூடுதல் மறுமொழி தரத் தொடங்கியது என்று 2023ஆம் ஆண்டு ஆய்வொன்று தெரிவிக்கிறது. பழக்கம் முதலிலும் பருமன் பின்னரும் வரலாம் என்பதே இதன் பொருள்.

ஜி.எல்.பி.-1 என்ற குடல் சுரப்பைப் போலச் செயல்படும் மருந்துகள் இந்த வாதத்துக்குப் புதிய சோதனைக்களமாகியுள்ளன. இச்சுரப்பு குடலில் மட்டுமன்றி, சுவை நரம்புகள் வந்துசேரும் அதே மூளைத்தண்டுக் கருவிலும் உண்டாகிறது. இவ்வகை மருந்தான எக்சனடைடைத் தந்து செய்த டச்சு ஆய்வொன்றில், சாக்லேட் பாலை எதிர்பார்க்கும் கணத்தில் மூளையின் மறுமொழி குறைந்தது. அருந்தும் கணத்தில் கூடியது. நாட்டம் தணிந்து ரசனை மீண்டது என்று இதைப் பொருள்கொள்ளலாம். ஒரே மருந்தால் மிகையும் குறைவும் ஒருசேரச் சீரடைகின்றன என்றால், அவை இரண்டும் எதிரெதிர் கோட்பாடுகளாக இருக்க வேண்டியதில்லை. 2025இல் இவ்வகை மருந்துகளான டிர்செபடைடும் எடைக் குறைப்புக்கான செமாக்ளுடைடும் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்ட நிலையில், இது இந்திய மருத்துவர்களுக்கு ஏட்டளவிலான கேள்வியாக இல்லை.

இந்திய உடலும் லேக் கார்டன்ஸ் போன்ற ஓர் இடமும்

மேற்கூறிய மனித ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில், உடல் நிறைக் குறியெண்ணால் மக்களைப் பிரித்துச் செய்யப்பட்டவை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் இக்குறியெண் இந்திய உடல்களில் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதைப் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யட்கினும் 2004இல் தங்கள் உடல்களையே சான்றாக வைத்துக் காட்டினர். இருவரின் குறியெண்ணும் 22.3, உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடும் இருந்தன. இத்தகைய வேறுபாட்டால்தான் இந்தியர்களுக்குப் பருமனின் எல்லை 30க்குப் பதிலாக 25 என்று கொள்ளப்படுகிறது. அந்த எல்லையின்படி, சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தின் ஆர். எம். அஞ்சனா, வி. மோகன் உள்ளிட்டோர் 2023இல் வெளியிட்ட ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 28.6 விழுக்காட்டினருக்குப் பொதுப் பருமனும் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமனும் இருப்பதாகக் கணித்தது. மூளை ஆய்வொன்றில் ‘ஒல்லியான ஒப்பீட்டுக் குழு’ என்று சேர்க்கப்படும் இந்தியர்களில் பலர் உள்ளுறைந்த கொழுப்புடையவர்களாக இருந்தால், அந்த ஒப்பீடு தொடக்கத்திலேயே பழுதுபடும்.

சுவை குறித்தும் இந்தியாவிலிருந்து ஒரு பழைய சான்று உண்டு. அது பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை. ஹோவர்ட் மாஸ்கோவிட்சும் பெங்களூரில் பணியாற்றிய கே. என். சர்மா உள்ளிட்டோரும் 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், புளி மிகுந்த உணவுக்குப் பழகிய கர்நாடகத் தொழிலாளர்களும் இந்திய மருத்துவ மாணவர்களும் ஒப்பிடப்பட்டனர். சுவையின் அழுத்தத்தை இரு குழுவினரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே மதிப்பிட்டனர். ஆனால் மாணவர்கள் விரும்பாத புளிப்பையும் கசப்பையும் தொழிலாளர்கள் இனியவையாகக் கொண்டனர். உணர்தல் ஒன்றாக இருக்க விரும்புதல் மட்டும் உணவுப் பழக்கத்தால் வேறுபடலாம் என்பதை, மூளைப் படங்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இது காட்டிவிட்டது.

இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்துச் சோதிக்கத் தக்க இடங்களுள் தெற்குக் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸும் ஒன்று. ரவீந்திர சரோவர் ஏரியின் தெற்கே, ரயில் பாதைக்கு அப்பால் அமைந்த இக்குடியிருப்பிலும் ஏரிக்கு வடக்கே லேக் மார்க்கெட் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ரசம், வத்தக்குழம்பு, பாகற்காய் என்று புளிப்பிலும் கசப்பிலும் ஊன்றிய சமையல் அவர்கள் வீட்டுக்குள்ளும், 1868இல் நோபின் சந்திர தாஸ் பாக்பஜாரில் உருவாக்கியதாகப் போற்றப்படும் ரசகுல்லாவும் குளிர்காலத்து நோலன் குர் சந்தேசும் மிஷ்டி தோயும் தெருவிலும் உள்ளன. சந்தேசும் மிஷ்டி தோயும் பால்கொழுப்பும் சர்க்கரையும் ஒன்று சேர்ந்தவை. ஸ்மாலின் ஆய்வு சுட்டும் சேர்க்கையும் அதுவே. நெய்யும் வெல்லமும் கலந்த சர்க்கரைப் பொங்கல் தமிழர்க்கும் உண்டு என்றாலும் அது விழா நாளுக்குரியது, சந்தேசு அன்றாடத்துக்குரியது.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், குறியெண் 25ஐ எட்டிய அல்லது கடந்த பெண்கள் தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு, மேற்கு வங்கத்தில் 22.7 விழுக்காடு. இனிப்புக்குப் பெயர்பெற்ற மாநிலத்தில் பருமன் குறைவு, புளிப்புக்குப் பெயர்பெற்ற மாநிலத்தில் அதிகம் என்ற இந்த எண்களில் வருமானம், நகரமயம், உழைப்பின் தன்மை ஆகிய பலவும் கலந்துள்ளன. எனவே சுவையைப் பற்றி அவை தாமாக எதையும் நிறுவுவதில்லை. ஆனால் இனிப்பு விருப்பமே பருமனுக்குத் திறவுகோல் என்ற எளிய நம்பிக்கைக்கு அவை இடம் தருவதுமில்லை. ஒரே தெருவில், ஒத்த வருமானத்தில், ஒரே ஏரிக்கரையில் நடக்கும் இரு மரபினரை ஒப்பிட்டால் இந்தக் கலப்பில் ஒரு பகுதியேனும் பிரியக்கூடும்.

எஞ்சியிருப்பவை

இன்றைய நிலையில் சொல்லத்தக்கது இவ்வளவே: பருமனுடையவர்கள் அனைவருக்கும் பொதுவான ‘சுவைக்கு மூளையின் மறுமொழி’ என ஒன்று நிறுவப்படவில்லை. வாயில் சுவை படும் கணத்தில் காணப்படும் வேறுபாடுகள் சிறியவை, ஒன்றுக்கொன்று முரண்படுபவை. உணவு குடலை அடைந்த பின் காணப்படும் வேறுபாடு அவற்றைவிட வலுவானது. ஆயினும் அதை வேறு ஆய்வகங்கள் பெரிய குழுக்களில் மீண்டும் காட்ட வேண்டும். மங்கிய மறுமொழி பருமனுக்கு முன்னரே இருந்ததா, பின்னர் வந்ததா என்பதை, குழந்தைப் பருவத்திலிருந்து பல ஆண்டுகள் ஒரே நபர்களைத் தொடரும் ஆய்வுகளே தீர்க்க முடியும்.

அந்த ஆய்வுகள் இந்தியாவிலும் நடைபெற வேண்டும்: குறியெண்ணை மட்டும் நம்பாமல் உடற்கொழுப்பை நேரடியாக அளந்து, மில்க்ஷேக்கோடு ரசத்தையும் மிஷ்டி தோயையும் சுவைக்கத் தந்து, லேக் கார்டன்ஸ் போன்ற கலப்புக் குடியிருப்புகளின் மக்களைச் சேர்த்து அவை நடத்தப்பட வேண்டும். ஆனந்தும் பெயிண்டலும் பணியாற்றிய நாட்டுக்கு இது இயலாத செயலன்று. அதுவரை, பருமனுடைய ஒருவரிடம் நாக்கை அடக்கு என்று கூறும் மருத்துவரும் உறவினரும், அந்த அறிவுரைக்கு மூளை அறிவியலில் ஆதாரமில்லை என்பதை ஏற்று, அதைக் கைவிட வேண்டும்.